ஓடிட்டான்

முருகன் துணை

பழனி, அடிவாரம்
4 ஜூன் 2025

அன்புள்ள அருளப்பன் அண்ணனுக்கு,

தேவசேனா எழுதுவது. எந்த தேவசேனா என்று முழிக்க வேண்டாம். ஜெயமுருகனின் தங்கச்சி. காலேஜ் நாட்களில் நீங்களும் அண்ணனும் ஓட்டம் முடிந்து நேரே எங்கள் வீட்டுக்கு வந்து இட்லிச் சட்டியைக் காலி பண்ணிவிட்டுப் போவீர்களே, அந்த வீட்டுப் பெண். மலையாண்டவர் தயவில் இங்கே எல்லோருக்கும் கை கால் சுகம். நீங்களும் மதினியும் அந்தக் குளிரில் இருமல் சளி இல்லாமல் இருக்கிறீர்களா?

போன வாரம் உங்கள் நம்பரைத் தேடிப் பிடித்து போன் போட்டேன். மதினிதான் எடுத்தார்கள். "அவருக்குச் சுத்தமா காது கேக்காதுங்க. செல்லுல எழுதி அனுப்புனாலும் பாக்க மாட்டாரு. கடுதாசி போடுங்க, பத்துத் தடவ படிப்பாரு" என்றார்கள். வயசானால் ஆளுக்கொன்று வரத்தானே செய்யும். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

விஷயம் இதுதான். நீங்கள் படித்த காலேஜில் புது ஓடுபாதை போடுகிறார்கள். உடற்கல்வித் துறை ரம்யா மேடம் எங்கள் பஞ்சாமிர்தக் கடைக்கே வந்தார்கள். 1984இல் அண்ணன் ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஓடிய நேரத்தை இன்றுவரை அங்கே யாரும் முந்தவில்லையாம். பாதை ஆரம்பிக்கிற இடத்தில் அண்ணன் பெயரில் ஒரு கல் வைக்கப் போகிறார்கள். "1987 இலங்கைப் போரில் நாட்டுக்காக உயிர் நீத்த முன்னாள் மாணவர் பெ. ஜெயமுருகன்" என்று எழுதிக்கொண்டு வந்து, குடும்பத்தின் சம்மதத்துக்கு என் கையெழுத்தைக் கேட்டார்கள். டிசம்பரில் திறப்பு விழா.

என்னால் போட முடியவில்லை அண்ணே. ஏன் என்று உங்களுக்கே தெரியும். பட்டாளத்திலிருந்து லீவில் வந்து அப்பாவிடம் சொன்னதே நீங்கள்தான். நான் என்ன செய்யட்டும், நீங்களே ஒரு வழி சொல்லுங்கள்.

ஒரு டப்பா பஞ்சாமிர்தம் அனுப்பியிருக்கிறேன். மதினிக்குச் சர்க்கரை இருந்தால் கண்ணில் காட்ட வேண்டாம்.

உங்கள் தங்கச்சி
தேவசேனா

*

பள்ளங்கி
17 ஜூன் 2025

அன்புத் தங்கச்சி தேவசேனாவுக்கு,

சலேத் மாதா புண்ணியத்தில் இங்கே எல்லாம் ஓடிக்கொண்டிருக்கிறது. என் முழங்கால் மட்டும் ஓடவில்லை. பேரன் பேத்தி எடுத்த உன்னை 'நீ' என்று எழுதலாமா என்று யோசித்தேன். ரெட்டைச் சடையோடு இட்லி தட்டு நீட்டினவளை வேறு எப்படி எழுதுவது? பொறுத்துக்கொள்.

பஞ்சாமிர்தம் வந்தது. அமலிக்குச் சர்க்கரை உண்டு. கண்ணில் காட்டவில்லை, அவளே கண்டுபிடித்துவிட்டாள்.

உன் கடிதத்தில் "ஏன் என்று உங்களுக்கே தெரியும்" என்ற வரியில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். தெரியும் தங்கச்சி. அன்றைக்கு உன் அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். குடிக்க ஒரு சொம்புத் தண்ணீர்கூட வரவில்லை. நான் குறை சொல்லவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். அதற்கப்புறம் நான் பழனிப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

ஆனால் என் மேல் இருக்கிற கோபத்தை அவன் கல்லின் மேல் காட்டாதே. அவன் அந்தக் கல்லுக்குத் தகுந்தவன். கையெழுத்துப் போடு. மற்றதைப் பற்றி எழுத எனக்கு இப்போது தெம்பில்லை.

மலைப்பூண்டு இரண்டு கிலோ பஸ்ஸில் கொடுத்துவிட்டிருக்கிறேன். குழம்புக்குப் போட்டுப் பார், வீடே மணக்கும்.

அண்ணன்
அருளப்பன்

*

முருகன் துணை

பழனி
30 ஜூன் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

பூண்டு கிடைத்தது. வீடு மட்டுமில்லை, தெருவே மணக்கிறது. முழங்காலுக்கு நல்லெண்ணெயைச் சுடவைத்துத் தேயுங்கள். இங்கே நாங்கள் சவுகரியம்.

நீங்கள் எழுதியிருப்பது எனக்கு ஒன்றுமே புரியவில்லை. உங்கள் மேல் யாருக்கு என்ன கோபம்? உள்ளதை வந்து சொன்னீர்கள். மறைத்திருந்தால்தானே தப்பு? அப்பா முகத்தைத் திருப்பியது உங்களைப் பார்த்து இல்லை, வெட்கத்தில்.

கையெழுத்துப் போடு என்று சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள். உயிரோடு இருக்கிற ஆளுக்கு 'உயிர் நீத்த' என்று எப்படிக் கல் வைப்பது? அது அவருக்கு ஆகாதே. உங்களிடம் சொல்வதற்கென்ன, ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் பாதயாத்திரைக் கூட்டம் வரும்போது நான் கடை வாசலில் நின்று காலைத்தான் பார்ப்பேன். அண்ணனுக்கு இடது குதிகால் வெளியே திரும்பும், உங்களுக்கு ஞாபகம் இருக்கும். முகம் மாறினாலும் குதிகால் மாறாது இல்லையா?

இன்னொன்று. இலங்கையிலிருந்து திரும்பி வந்த முருகம்மாள் என்று ஒரு அம்மா உங்கள் கொடைக்கானலில் இருந்தார்கள். முன்பு ஒரு தரம் கடைக்கு வந்தபோது, "வவுனியாவுல தேத்தண்ணிக் கடை வச்சிருக்கிற ஒருத்தர் ஒங்கட பேச்சுத்தான் பேசுவாரு, விடிய முன்ன ஓடப் போவாரு" என்றார்கள். அவர்கள் இப்போதும் அங்கே இருந்தால் விசாரித்து எழுதுங்கள். அண்ணன் வந்தால் நான் ஒரு வார்த்தை ஏசமாட்டேன்.

தங்கச்சி
தேவசேனா

*

பள்ளங்கி
14 ஜூலை 2025

மகள் புவனாவுக்கு,

உன் மாமியார் தேவசேனாவுக்கு அண்ணன் முறை, பள்ளங்கி அருளப்பன். உன் பெயரை அமலி போனில் கேட்டு வைத்திருந்தாள். வீட்டில் குழந்தைகள் சுகம்தானே? இதை அவளுக்குத் தெரியாமல் நீ மட்டும் படி.

நேரடியாகக் கேட்கிறேன், தப்பாக எடுக்காதே. உன் அத்தைக்கு ஞாபகம் தவறுகிறதா? கடையில் சில்லறை சரியாகக் கொடுக்கிறாளா? முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன் என் கண் முன்னால் போய்ச் சேர்ந்தவனை உயிரோடு இருக்கிறான் என்று எழுதுகிறாள். வவுனியாவில் டீக்கடை என்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது. மதுரையில் நல்ல டாக்டர்கள் இருக்கிறார்கள், வெரசாகக் காட்டுங்கள். உடனே ஒரு வரி எழுது.

அருளப்பன்

*

பழனி
22 ஜூலை 2025

மதிப்பிற்குரிய ஐயா,

நான் புவனா. பிள்ளைகள் ஸ்கூலுக்குப் போயிருக்கும் நேரத்தில் எழுதுகிறேன். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை, தப்பிருந்தால் மன்னிக்கவும்.

அத்தைக்கு ஒன்றும் இல்லை. எங்கள் எல்லோரையும்விட ஞாபகம் ஜாஸ்தி. என் கல்யாணத்துக்கு யார் மொய் எழுதவில்லை என்பதுகூட இன்னும் சொல்வார்கள்.

எனக்குத்தான் குழப்பமாக இருக்கிறது. உங்கள் கண் முன்னால் இறந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அத்தையின் அண்ணன் மிலிட்டரியிலிருந்து ஓடிப்போனவர் என்றுதான் இந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். கல்யாணமாகி வந்த ஆறு மாதம் கழித்து எனக்கும் சொன்னார்கள், வெளியே சொல்லக்கூடாது என்று.

முதலில் 'காணவில்லை' என்று தந்தி வந்ததாம். அப்புறம் நீங்கள் லீவில் வந்து தாத்தாவிடம், "ஓடிட்டான்யா, ஜெயமுருகன் ஓடிட்டான்" என்று சொன்னீர்களாம். தாத்தா, "ஓடிப்போயிட்டானா?" என்று மூன்று தடவை கேட்டாராம். மூன்று தடவையும் தலையாட்டினீர்களாம். கதவுக்குப் பின்னால் நின்று அத்தை பார்த்திருக்கிறார்கள். பிறகு மிலிட்டரியிலிருந்து இறந்ததாகக் காகிதங்கள் வந்தபோது, "பொய்ச் சாவுக்குக் காகிதம் வாங்கமாட்டேன்" என்று தாத்தா பிரிக்காமலே திருப்பி அனுப்பிவிட்டாராம். வீட்டில் அவர் போட்டோ ஒன்றுகூட இல்லை. அவர் ஓட்டத்தில் வாங்கிய ஒரே ஒரு கப்பு இருக்கிறது, அதில் அத்தை புளி போட்டு வைத்திருக்கிறார்கள்.

நீங்கள் சொன்னது அது இல்லையென்றால் வேறு எதைச் சொன்னீர்கள் ஐயா?

புவனா

*

பழனி
20 ஆகஸ்ட் 2025

அண்ணனுக்கு,

சுகம் கேட்கிற மனநிலையில் நான் இல்லை. இருந்தாலும் கேட்கிறேன், முழங்கால் எப்படி?

என் மருமகளுக்கு என்னைப் பைத்தியம் என்று எழுதினீர்களாமே. அவள் ஒரு மாதம் மறைத்து வைத்திருந்து நேற்று அழுதுகொண்டே காட்டினாள். எனக்குப் பைத்தியம் இல்லை. உங்கள் கண் முன்னால் இறந்தாராமே, அப்படியென்றால் அன்றைக்கு ஏன் மாற்றிச் சொன்னீர்கள்? அன்றைக்குச் சொன்னது நிஜம் என்றால் இன்றைக்கு எதற்குப் பொய்? கல் வைப்பதற்காகவா?

எது என்று ஒரு வார்த்தை எழுதுங்கள். இரண்டில் எது வந்தாலும் தாங்கிக்கொள்வேன். இப்படி நடுவில் நிற்கத்தான் முடியவில்லை.

தேவசேனா

*

பழனி
18 செப்டம்பர் 2025

அண்ணனுக்கு,

பதில் இல்லை. மதினிக்குப் போன் போட்டேன். "எழுதுறாரு, கிழிக்கிறாரு, எழுதுறாரு, கிழிக்கிறாருங்க" என்றார்கள். கிழிக்காமல் ஒன்றை அனுப்புங்கள். ரம்யா மேடம் மறுபடி வந்துவிட்டுப் போனார்கள். மழைக்காலம், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தேவசேனா

*

பள்ளங்கி
6 அக்டோபர் 2025

தங்கச்சி தேவசேனாவுக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. மனசுதான் ஒரு நிலையில் இல்லாமல் கெடக்கு. கிழித்ததெல்லாம் அமலி அடுப்புப் பற்றவைக்க உதவியது. இதையாவது அனுப்பிவிடுகிறேன்.

உன் அப்பா என்னிடம் 'ஓடிப்போயிட்டானா' என்றுதான் மூன்று தடவையும் கேட்டார் என்பது எனக்கு எப்போது தெரியும் என்று நினைக்கிறாய்? இந்த ஜூலையில். புவனா எழுதித்தான் தெரியும்.

என் காது வயசானதால் போகவில்லை. 1987 நவம்பரிலேயே போய்விட்டது. உங்கள் வீட்டுக்கு நான் வந்தது 1988 பொங்கல் லீவில். அப்போது என் தலைமாட்டில் வேட்டுப் போட்டாலும் எனக்குக் கேட்காது. ஒரு காது நன்றாகக் கேட்கிறது என்று ஆஸ்பத்திரியில் பொய் சொல்லி வைத்திருந்தேன். உண்மை தெரிந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பயம். பெற்ற தாயிடமும் சொல்லவில்லை. யார் வாயசைத்தாலும் தலையாட்டிக்கொண்டு திரிந்தேன். கடைசியில் கண்டுபிடித்து அனுப்பித்தான் விட்டார்கள்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். யாழ்ப்பாணத்துப் பக்கம் ஒரு பனங்காட்டில் நாங்கள் ஒன்பது பேர் தனியாக மாட்டிக்கொண்டோம். ஒயர்லெஸ் செத்துவிட்டது. இரண்டு மைல் பின்னால் இருந்த எங்கள் பட்டாளக் கம்பெனிக்கு ஓடிப்போய்ச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். ஆபீசர் என் பெயரைத்தான் கூப்பிட்டார். எழுந்து நின்றேன், போகவில்லை தங்கச்சி, மறைக்காமல் சொல்கிறேன். உன் அண்ணன் என் தோளைப் பிடித்து உட்காரவைத்தான். "ஏலே அருளு, நீ எப்பவும் செகண்டுதானலே. உக்காரு, ஃபர்ஸ்ட் வாரவன் போறேன்" என்று சிரித்துக்கொண்டே பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு ஓடினான். அவனுக்கு வெறுங்காலில்தானே ஓட்டம் வரும்.

போய்ச் சேர்ந்து சொல்லிவிட்டான். அங்கேயே இருந்திருக்கலாம். ஒயர்லெஸ்ஸுக்குப் புது பேட்டரியைத் தூக்கிக்கொண்டு திரும்ப ஓடி வந்தான். எங்களுக்கு ஐம்பது கஜத்தில் வந்தபோது, "வந்துட்டேன்லே" என்று கத்தினான். அடுத்த அடியில் கண்ணிவெடி. அதே வெடிதான் என் காதைக் கொண்டுபோனது. எடுத்து வருவதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அதனால்தான் முதலில் 'காணவில்லை' என்று தந்தி போயிருக்கிறது. அவன் சொன்ன செய்தியால் ஆட்கள் வந்து எங்கள் ஒன்பது பேரில் எட்டுப் பேரைக் கூட்டிப்போனார்கள். நான் கடைசியாகக் கேட்ட மனுஷக் குரல் உன் அண்ணனுடையது.

இதைச் சொல்லத்தான் உன் அப்பாவிடம் வந்தேன். "ஓடிட்டான்யா, ஜெயமுருகன் ஓடிட்டான்" என்று ஆரம்பித்ததும் அழுதுவிட்டேன். அவர் வாய் அசைந்தது. 'செத்துட்டானா' என்று கேட்கிறார் என்று நினைத்துத் தலையாட்டினேன். மறுபடி அசைந்தது. 'உனக்குப் பதிலாகவா போனான்' என்று கேட்கிறார் என்று நினைத்து அதற்கும் ஆட்டினேன். மூன்றாவது என்ன நினைத்தேன் என்று இப்போது ஞாபகம் இல்லை. அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். என்னை மன்னிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு மலையேறிவிட்டேன்.

காது கேட்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

அருளப்பன்

*

முருகன் துணை

பழனி
16 அக்டோபர் 2025

அண்ணனுக்கு,

கடிதம் வந்து நாலு நாள் ஆகிறது. கடையில் பஞ்சாமிர்தம் கேட்டவர்களுக்கு விபூதி எடுத்துக் கொடுத்தேன். புவனா என்னைக் கல்லாவிலிருந்து எழுப்பி வீட்டுக்கு அனுப்பிவிட்டாள்.

உங்களைத் திட்டவா, கட்டிக்கொண்டு அழவா என்று தெரியவில்லை. முதல் நாள் திட்டினேன். அநியாயமாக ஒரு தலையாட்டலில் எங்கள் குடும்பத்தையே கவிழ்த்துவிட்டீர்களே பாவி மனுஷா என்று சுவரைப் பார்த்து ஏசினேன். அம்மா 1996இல் சாகும்போதுகூட, "எவ கூடவோ குடும்பம் நடத்துதான், நல்லா இருக்கட்டும்" என்றுதான் சொன்னாள். அப்பா ஒரு கல்யாணம் காட்சிக்குப் போகவில்லை. "எங்கே உங்க பட்டாளத்தான்?" என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று பயம்.

இரண்டாம் நாள் எனக்கே ஒன்று தோன்றியது. இத்தனை வருஷம் அண்ணன் ஓடிப்போனவர் என்று வெட்கப்பட்டேன், ஆனால் எனக்கு அண்ணன் இருந்தார். இப்போது பெருமைப்படலாம், ஆனால் ஆள் இல்லை. என்னைக் கேட்டிருந்தால் பெருமை வேண்டாம், அந்த டீக்கடைக்காரர்தான் வேண்டும் என்று சொல்லியிருப்பேன். வருகிற தைப்பூசத்துக்கு நான் யார் காலைப் பார்ப்பேன் சொல்லுங்கள்?

சரி. உயிரோடு இருக்கிறவருக்குச் செய்யக்கூடாது என்று இதுவரை ஒன்றுமே செய்யவில்லை. என் மகன் சண்முகராஜ் மருமகன் முறையில் சண்முக நதியில் திதி கொடுப்பான். அதற்கு நாள் தெரிய வேண்டும். என்ன தேதி, என்ன நேரம் என்று எழுதுங்கள். உங்களைத் தவிர அது யாருக்கும் தெரியாது.

நீங்களும் வரவேண்டும். மதினியைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். அன்றைக்கு அப்பா கொடுக்காத தண்ணீரை நான் கொடுக்கிறேன்.

தங்கச்சி
தேவசேனா

*

பள்ளங்கி
24 அக்டோபர் 2025

தங்கச்சிக்கு,

இங்கே மழை பிடித்துக்கொண்டது. நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம்.

1987 நவம்பர் 12, வியாழக்கிழமை. காலை ஏழேகால் இருக்கும். அன்று வெள்ளனே ஒரு தூறல் போட்டு நின்றிருந்தது. தெற்கே பார்த்து ஓடினான். திரும்பி வந்தது வடக்கே பார்த்து. உங்கள் முறைக்கு இதெல்லாம் தேவையா என்று எனக்குத் தெரியாது, கேட்டாய் என்று எழுதுகிறேன்.

வருகிறேன். ஒரு சோலி எனக்குக் கொடுக்கச் சொல்லி ரம்யா மேடத்திடம் கேள். பட்டாளத்திலிருந்து வந்தபின் பள்ளிக்கூட மைதானத்தில் இருபது வருஷம் சுண்ணாம்புக் கோடு போட்டவன் நான். திறப்பு விழா அன்றைக்கு முதல் ஓட்டத்துக்குக் கோடு நான் போடுகிறேன். புதுப் பாதைக்குச் சுண்ணாம்பு தேவையில்லை என்பார்கள். இருந்தாலும் கேட்டுப் பார்.

உன் வீட்டில் யார் என்ன கேட்டாலும் காகிதத்தில் எழுதிக் கேட்கச் சொல். இனிமேல் தெரியாததற்குத் தலையாட்டமாட்டேன்.

அண்ணன்
அருளப்பன்

*

முருகன் துணை

பழனி, அடிவாரம்
14 நவம்பர் 2025

உடற்கல்வித் துறை ரம்யா மேடம் அவர்களுக்கு,

வணக்கம். ஜூன் மாதத்திலிருந்து உங்களை அலையவிட்டதற்கு வருத்தம். கடைக்கு மூன்று தடவை வந்தும் ஒரு காபிகூடக் குடிக்காமல் போனீர்கள். அடுத்த தடவை விடமாட்டேன்.

அண்ணன் இறந்த திதியான தேய்பிறை சப்தமி இந்த வருஷம் நவம்பர் 11இல் வந்தது. அன்று என் அண்ணனுக்கு முதல் திதி கொடுத்துவிட்டோம். அண்ணனோடு பட்டாளத்தில் இருந்த அருளப்பன் பள்ளங்கியிலிருந்து வந்திருந்தார். வாசலில் நின்றுகொண்டே இரண்டு சொம்புத் தண்ணீர் குடித்தார். ஐயர் அவரிடம் கோத்திரம் கேட்டபோது தலையாட்டாமல் பையிலிருந்து நோட்டையும் பேனாவையும் எடுத்து நீட்டினார். எல்லோரும் சிரித்துவிட்டோம், அவரும்.

வீட்டில் போட்டோ இல்லை. 1984 விளையாட்டு விழாப் படம் ஒன்றை அவர்தான் இத்தனை நாள் வைத்திருந்து கொண்டுவந்தார். இத்துடன் வைத்திருக்கிறேன். முதலில் வருவது என் அண்ணன், பின்னால் வருவது அவர். அவரை வெட்டிவிடாமல் முழுப் படமாகப் போடவும். முதல் ஓட்டத்துக்குச் சுண்ணாம்புக் கோடு அவர் போட ஆசைப்படுகிறார். பாதை கெட்டுவிடும் என்றால் புல்லிலாவது ஒரு கோடு போடவிடுங்கள்.

கல்லுக்கு நீங்கள் எழுதி வந்தது வேண்டாம். இவ்வளவு போதும்:

பெ. ஜெயமுருகன், 1964 – 1987.
செய்தி கொண்டு ஓடினார். திரும்பியும் ஓடி வந்தார்.

செதுக்கக் கொடுக்கும் முன் எனக்கு ஒரு தடவை காட்ட வேண்டும். 'ஓடினார்' என்பதை யாரும் 'ஓடிப்போனார்' என்று மாற்றிவிடக் கூடாது. நடுவில் வருகிற அந்த இரண்டு எழுத்தில் எங்கள் வீட்டில் முப்பத்தெட்டு வருஷம் போய்விட்டது.

சம்மதம்.

பெ. தேவசேனா
(ஜெயமுருகனின் தங்கை)